ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொண்டு வருகிற பண்ணையாளர்களும், ஒட்டுண்ணியியல் தேர்வுக்குப் படிக்கிற கால்நடை மருத்துவ மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே ஐமீரிடே என்கிற ஒரே குடும்பத்தைப் பற்றியவை. மாணவர்களுக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணை. பண்ணையாளருக்கு இது கூளத்தில் செத்துக் கிடக்கும் குஞ்சு. இரண்டும் ஒரே விஷயம்தான் என்று புரிய வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஐமீரிடே என்றால் என்ன?

முதுகெலும்புள்ள விலங்குகளின் குடல் செல்களுக்குள் பெரும்பாலும் வாழ்கிற, ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணிகளின் குடும்பம். கோழியின் ரத்தக்கழிச்சல், முயலின் ஈரல் காக்சிடியா, ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டிகளின் ரத்தக்கழிச்சல் எல்லாம் இந்தக் குடும்பத்தின் வேலை. பண்ணைகளில் "காக்சி வந்துடுச்சு" என்று சொல்வது இதைத்தான். 1903-ல் மின்சின் என்ற விலங்கியலாளர் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தார். இதில் மிகப் பெரிய பேரினம் ஐமீரியா. அதில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன.

மேலிருந்து இறங்கி வந்தால் வரிசை இப்படி: தொகுதி ஏபிகாம்ப்ளெக்சா, அதற்குள் காக்சிடியா, அதற்குள் ஐமீரியோரினா என்ற துணை வரிசை, அதற்குள் ஐமீரிடே குடும்பம். மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியமும் இதே தொகுதிதான். பூனையிலிருந்து பரவும் டாக்சோபிளாஸ்மா இன்னும் நெருங்கிய உறவு, பக்கத்து வீட்டுக் குடும்பம்.

ஒரு செல் உயிரி என்கிறீர்கள். அப்படியென்றால் இது விலங்கா?

பழைய பாடப் புத்தகங்கள் "ஒரு செல் விலங்கு" என்றே எழுதின. இன்று அப்படிச் சொல்ல முடியாது. இவற்றின் நெருங்கிய உறவினர்கள் கடலில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒரு செல் உயிரிகள். அதைவிட ஆச்சரியமான சாட்சி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஐமீரியாவின் செல்லுக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்று ஒரு சிறு உறுப்பு உண்டு. முன்னொரு காலத்தில் விழுங்கப்பட்ட ஒரு சிவப்புப் பாசியின் பச்சையத்தட்டு, ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட பிறகு மிஞ்சியிருக்கும் வடிவம் அது. கோழியின் குடலுக்குள் வெயிலே படாமல் வாழ்கிற ஓர் உயிர், பாசியின் நினைவுப் பொருளைச் சுமந்துகொண்டு திரிகிறது. முதன்முறை இதைப் படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக்கழிச்சலும் இதுவும் ஒன்றா?

இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய். அது வைரஸால் வருவது, அதற்கான தடுப்பூசி வேறு. ஒன்றுக்குப் போட்ட தடுப்பூசி மற்றதைத் தடுக்காது. எச்சத்தின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. ஐமீரியாவிலேயே ரத்தம் வராத வகைகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்குள் ஒரு பேரினத்தை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள்?

எண்ணிப் பார்த்து. உண்மையிலேயே அவ்வளவுதான், ஆனால் அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நோயுள்ள கோழியின் எச்சத்தில் வெளியே வருவது ஊசிஸ்ட், அதாவது கெட்டியான உறை போட்ட ஒரு முட்டை வடிவம். கோழியின் ஐமீரியா டெனெல்லாவில் அது சுமார் 22 மைக்ரான் நீளம். 45 ஊசிஸ்டுகளை வரிசையாக அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் வரும். எச்சத்தை நிறைசெறிவு உப்புக் கரைசலில் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் ஊசிஸ்டுகள் மேலே மிதந்து வரும். மேற்பரப்பைக் கவர்ஸ்லிப்பில் தொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், கண்ணாடிபோல் இரட்டைக் கோட்டு விளிம்பு, நடுவில் குறுமணலாக ஓர் உருண்டை. புதிதாக வந்த ஊசிஸ்ட் இவ்வளவுதான் காட்டும். இந்த நிலையில் அது எந்தப் பேரினம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோயும் தராது.

அதை 2.5 சதவீத பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில், பெட்ரி தட்டில் மெல்லிய படலமாக ஊற்றிக் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். டைக்ரோமேட் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் தடுக்கும், ஊசிஸ்டுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர்ச் சூட்டில் டெனெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். மறுபடி பார்த்தால் அந்த ஒற்றை உருண்டை பிரிந்து 4 சிறு பைகளாகியிருக்கும். இவை ஸ்போரோசிஸ்டுகள். மைக்ரோஸ்கோப்பின் நுண்திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால், மூன்று பை தெரியும் இடத்தில் நாலாவது அடியிலிருந்து எழுந்து வரும். ஒவ்வொரு பைக்குள்ளும் இரண்டு வாழைப்பழ வடிவ உருவங்கள், தலைமாற்றிப் படுத்திருக்கும். அவைதான் குடல் செல்லைத் துளைத்து நுழையும் ஸ்போரோசோயிட்டுகள். 4 பை, பைக்கு 2, ஆக 8. இதைப் பார்த்துவிட்டால் ஐமீரியா என்று எழுதலாம்.

மற்றப் பேரினங்களின் எண்ணிக்கை என்ன?

2 பை, பைக்கு 4 என்றால் ஐசோஸ்போரா. 2 பை, பைக்கு 2 என்றால் சைக்லோஸ்போரா. ஒரே பை, அதற்குள் 8 என்றால் கேரியோஸ்போரா, பாம்புகளிலும் பறவைகளிலும் அதிகம். 4 பை, பைக்கு 4 என்றால் வென்யோனெல்லா. பையே இல்லாமல் எட்டும் ஊசிஸ்டுக்குள் நேரடியாகக் கிடந்தால் டிசெரியா, இதில் ஒன்று வாத்துக் குஞ்சுகளைக் கொல்லும்.

தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வேதியியலின் தனிம வரிசை அட்டவணை மாதிரி கட்டம் போட்டு வைத்துக்கொண்டால் மறக்காது.

இவற்றை முதலில் பார்த்தவர் யார்?

1674-ல் ஆண்டனி வான் லீவன்ஹூக், முயலின் பித்தநீரில் முட்டை வடிவ உருவங்களைப் பார்த்து எழுதி வைத்தார். இன்று ஐமீரியா ஸ்டீடாய் என்று நாம் சொல்லும் முயல் ஈரல் ஒட்டுண்ணியின் ஊசிஸ்டுகளைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். பெயர் வர இருநூறு வருஷம் ஆயிற்று. ஜெர்மானிய விலங்கியலாளர் தியடோர் ஐமர் 1870-ல் எலியின் ஒட்டுண்ணியை விவரித்தார். பிரெஞ்சுக்காரரான எமே ஷ்னைடர் 1875-ல் அவர் பெயரையே வைத்து ஐமீரியா என்ற பேரினத்தை உருவாக்கினார். 1900-ல் ஃப்ரிட்ஸ் ஷாடின் ஒரு பூரானின் ஒட்டுண்ணியை வைத்து வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் வரைந்து காட்டினார். இன்று கோழிக்குச் சொல்லிக்கொடுக்கிற சுழற்சிக்கு அடித்தளம் பூரானின் குடல்தான்.

எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது சரியான முறைதானா?

பாதி சரி. இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரைக் கண்டால் எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷம்.

எண்ணிக்கை எங்கே நம்மை ஏமாற்றியது என்பதற்கு ஐசோஸ்போராவின் கதை போதும். குருவியின் எச்சத்தில் 2 பை, பைக்கு 4. நாயின் மலத்திலும் பூனையின் மலத்திலும் மனித மலத்திலும் அதே 2 பை, பைக்கு 4. எல்லாவற்றையும் ஐசோஸ்போரா என்றே பல தலைமுறை எழுதியது. 1970 வாக்கில் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மாவின் ஊசிஸ்டைக் கண்டுபிடித்தபோது அதுவும் 2 பை, பைக்கு 4! டாக்சோபிளாஸ்மா வாழும் விதமோ முற்றிலும் வேறு. எலி, ஆடு, மனிதன் என்று எல்லோருடைய தசையிலும் மூளையிலும் போய் உட்காரும். அப்போதுதான் எண்ணிக்கைமேல் சந்தேகம் வந்தது.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? பை எப்படித் திறக்கிறது என்பதை. குருவியின் ஐசோஸ்போராவிலும் கோழியின் ஐமீரியாவிலும் ஸ்போரோசிஸ்டின் ஒரு முனையில் குமிழ்போல் ஓர் அடைப்பான் இருக்கும். அதற்கு ஸ்டீடா உறுப்பு என்று பெயர். கோழி ஊசிஸ்டை விழுங்கியதும் அரைவைப்பை அரைத்து வெளி உறையை உடைக்கும். குடலுக்குள் வந்ததும் பித்தநீரும் டிரிப்சின் என்ற செரிமான நொதியும் அந்த அடைப்பானைக் கரைக்கும். பாட்டில் மூடி திறந்த மாதிரி, அந்தத் துளை வழியாக ஸ்போரோசோயிட் நெளிந்து வெளியே வரும். நாய், பூனை, மனித வகைகளிலும் டாக்சோபிளாஸ்மாவிலும் அடைப்பானே கிடையாது. பையின் சுவர் நாலு தட்டுகளைத் தைத்துச் சேர்த்த மாதிரி இருக்கும். தையல் விட்டதும் தட்டுகள் சுருண்டு பை அப்படியே பிரிந்துவிடும்.

மூடி போட்ட பாட்டிலும் தையல் போட்ட பையும் உள்ளே ஒரே எண்ணிக்கையில் சரக்கு வைத்திருந்தன என்பதற்காக நாம் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்திருந்தோம். 1977-ல் ஃப்ரெங்கெல் பாலூட்டிகளின் வகைக்கு சிஸ்டோஐசோஸ்போரா என்று தனிப் பேரினம் கொடுத்தார். பின்னால் வந்த மரபணு ஒப்பீடுகளும் அதையே சொல்லின: தையல் போட்டவை டாக்சோபிளாஸ்மா இருக்கும் சார்கோசிஸ்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை, அடைப்பான் உள்ள பறவை ஐசோஸ்போரா ஐமீரிடேயில்தான் இருக்க வேண்டும். அதனால் பழைய புத்தகத்தில் "ஐசோஸ்போரா பெல்லி" என்று படித்தால் இன்றைய பெயர் சிஸ்டோஐசோஸ்போரா பெல்லி. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு விடாத வயிற்றுப்போக்கைத் தருவது. அது இனி ஐமீரிடே குடும்பத்தில் இல்லை.

ஐமீரிடே குடும்பத்தில் மனிதனைத் தாக்குவது ஏதாவது உண்டா?

உண்டு, சைக்லோஸ்போரா கயெட்டனென்சிஸ். ஒருகாலத்தில் இது எது என்றே யாருக்கும் விளங்கவில்லை. மலத்தில் 8 முதல் 10 மைக்ரான் உருண்டைகள், புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். சிலர் பாசி வகை என்றே நினைத்து, நீலப்பசும்பாசி போன்ற உருண்டைகள் என்று குறிப்பு எழுதினார்கள். காரணம் எளிது. இது ஸ்போரோசிஸ்ட் உருவாக்க ஒரு வாரம், இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். மனித மலத்தை யார் அவ்வளவு நாள் வைத்திருந்து பார்ப்பார்கள்? பொறுமையாக வைத்துப் பார்த்தபோது 2 பை, பைக்கு 2 என்று வந்தது. 1994-ல் ஆர்டேகா, கில்மேன், ஸ்டெர்லிங் மூவரும் பெரு நாட்டின் கயெட்டானோ ஹெரேடியா பல்கலைக்கழகத்தின் பெயரில் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1996-ல், அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேருக்கு இந்தக் கழிச்சல் வந்தது. முதலில் கலிஃபோர்னியா ஸ்ட்ராபெரிகள்மேல் பழி விழுந்தது. கடைசியில் குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெரிகள் என்று தெரிந்தது. சரியான ஒட்டுண்ணியைச் சரியான பெயரில் கண்டுகொள்வது எவ்வளவு பேருடைய பிழைப்பைத் தொடும் என்பதற்கு அந்த ஸ்ட்ராபெரி விவசாயிகளை நினைத்துப் பார்த்தால் போதும்.

வகைப்பாட்டுக்கு வருவோம். சைக்லோஸ்போரா என்ற பேரினத்தை ஷ்னைடர் 1881-ல் வைத்தது ஒரு மரவட்டையின் ஒட்டுண்ணிக்கு. மனிதக் குடலில் இருப்பது அதே பேரினத்தில் சேர்ந்தது அந்த 2 பை, பைக்கு 2 கணக்கால்தான். மரபணுவைப் படித்தபோதோ மனித சைக்லோஸ்போரா ஐமீரியா இனங்களுக்கு நடுவிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கோழியின் ஐமீரியாவுக்கு இது கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரன்.

அப்படியானால் ஐமீரியா என்ற பேரினமே உடையுமா?

உடைய வேண்டியதுதான் நியாயம் என்பது என் கருத்து. சைக்லோஸ்போராவும் பறவை ஐசோஸ்போராவும் ஐமீரியாவின் கிளைகளுக்குள்ளேயே வருகின்றன. மாறாக, சாரஸ் கொக்கு குடும்பத்துப் பெரிய பறவைகளின் ஐமீரியாக்கள் மற்ற ஐமீரியாக்களை விட்டு விலகித் தனியே நிற்கின்றன. ஆனால் 1,700 பெயர்களை மாற்றுவது சின்ன வேலையில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊசிஸ்டின் படம் மட்டும்தான் இருக்கிறது, மரபணு வரிசை இல்லை. அதுவரை பழைய பெயர்களே புழங்கும்.

கிரிப்டோஸ்போரிடியம் இதில் சேருமா?

சேராது. அதுவும் வயிற்றுப்போக்கு தரும் ஒரு செல் ஒட்டுண்ணிதான், முன்பு காக்சிடியா என்று வைத்திருந்தார்கள். இப்போது அது கிரகாரைன்கள் என்ற பிரிவுக்கு நெருக்கம் என்று தெரிகிறது. மேலே சொன்ன ஏபிகோபிளாஸ்ட்கூட அதற்குக் கிடையாது.

கோழிக்கு எத்தனை வகை ஐமீரியா?

ஏழு என்றுதான் நானும் படித்தேன். இப்போது பத்து.

அந்த ஏழையும் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் டிசர். 1929-ல் அசெர்வுலினா, மேக்சிமா, மைட்டிஸ் மூன்றையும் அவர் விவரித்தார். ஊசிஸ்டுக்குள் பையை எண்ணுவது இங்கே உதவாது, ஏழுமே 4 பை, பைக்கு 2. குடலில் எந்த இடத்தைத் தாக்குகிறது, புண் எப்படி இருக்கிறது, எத்தனை நாளில் ஊசிஸ்ட் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இறந்த கோழியின் குடலை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் பலதும் தெரிந்துவிடும். முன்சிறுகுடலில் ஏணிப்படி மாதிரி குறுக்கே வெள்ளைக் கோடுகள் என்றால் அசெர்வுலினா. இதில் ரத்தம் வராது, தீனி மட்டும் உடம்பில் ஒட்டாது. நடுக்குடல் பலூன்போல் உப்பி, வெளியிலிருந்து பார்த்தாலே வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி தெரிந்தால் நெகாட்ரிக்ஸ். பெயருக்கே கொலைகாரி என்று பொருள். கடைசியில் இரண்டு விரல்போல் நீளும் சீக்கம் என்ற குருட்டுக்குடல் முழுக்க ரத்தமும் ரத்தக்கட்டியும் அடைத்திருந்தால் டெனெல்லா. ஊசிஸ்ட் விழுங்கி ஐந்தாம் நாள் வாக்கில் பெருக்கெடுக்கும் ரத்தம் அது. டெனெல்லா என்றால் லத்தீனில் மென்மையானது. இருபது நாள் வளர்த்த குஞ்சுகள் ஒரே ராத்திரியில் கூளத்தில் சரிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த மூன்றும் முதலில் ஆஸ்திரேலியாவில் மரபணு வழியாகத் தென்பட்டவை, பிறகு ஆப்பிரிக்காவிலும் கிடைத்தன. 2021-ல் அவற்றுக்கு லாட்டா, நகாம்பீ, ஜாரியா என்று பெயர் வைத்தார்கள். நகாம்பீ ஆஸ்திரேலியாவில் ஓர் ஊர், ஜாரியா நைஜீரியாவில்.

கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆடு கட்டினால் ஆட்டுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. கோழி ஐமீரியா கோழிக்கு, ஆட்டு ஐமீரியா ஆட்டுக்கு. வான்கோழிக்குக்கூடத் தனி இனங்கள். ஆட்டுக்குட்டிக்கு ரத்தக்கழிச்சல் என்றால் தாய் ஆட்டின் புழுக்கையையும் ஈரமான பட்டியையும் பாருங்கள்.

எந்த இனம் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மருந்து ஒன்றுதானே?

அம்ப்ரோலியமோ வேறு மருந்தோ தண்ணீரில் கலப்பதற்கு இனம் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை. தடுப்பூசி என்று வந்தால் நிச்சயம் தெரிய வேண்டும்.

ஐமீரியா வந்து தேறிய கோழிக்கு அந்த இனத்துக்கு எதிராக நல்ல எதிர்ப்பு சக்தி வரும். ஆனால் அந்த ஓர் இனத்துக்கு மட்டும். டெனெல்லாவிலிருந்து தப்பிய கோழியை மேக்சிமா தாராளமாகத் தாக்கும். அதனால்தான் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளில் பல இனங்களின் உயிருள்ள ஊசிஸ்டுகளைக் கலந்து கொடுக்கிறார்கள். பாட்டிலில் எந்த இனங்களின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவற்றுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. மேலே சொன்ன புது மூன்று இனங்களும் இப்போதிருக்கும் தடுப்பு மருந்துகளுக்குத் தப்பக்கூடியவை என்பதால்தான் அவற்றுக்குப் பெயர் வைப்பது இவ்வளவு அவசரமாயிற்று.

பண்ணையாளர் பலர் "தடுப்பு மருந்து கொடுத்தும் வந்துவிட்டது, மருந்து போலி" என்பார்கள். இருக்கலாம். பாட்டிலில் இல்லாத இனமாகவும் இருக்கலாம். கோபப்படுவதற்கு முன் ஒரு குடலைத் திறந்து பாருங்கள்.

கூண்டில் வளர்க்கும் முட்டைக்கோழிக்கு ஏன் அதிகம் வருவதில்லை?

எச்சம் கீழே விழுந்துவிடும், கோழி அதைக் கொத்துவதில்லை. ஊசிஸ்ட் வாய்க்குள் போனால்தானே சுழற்சி தொடரும்? நாமக்கல் பக்கத்துக் கூண்டு முறைக்கும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிகளைத் தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறைக்கும் இந்த நோயில் உள்ள வித்தியாசம் இதுதான். ஆழ்கூளத்தில் தண்ணீர்க் குழாய் சொட்டும் இடத்தைச் சுற்றிக் கூளத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்கிற ஈரம் இருந்தால் ஊசிஸ்டுக்குத் தேவையான மூன்றும், ஈரம், சூடு, காற்று, அங்கேயே கிடைக்கிறது.

இனப் பெயருக்குப் பின்னால் சில ஆள் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. ஏன்?

முதலில் விவரித்தவர் வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் இன்னொருவர் மாற்றினார் என்று அர்த்தம். டெனெல்லாவை 1891-ல் விவரித்த ரெய்லியேயும் லூசேயும் அடைப்புக்குறிக்குள் வருவார்கள், 1909-ல் ஐமீரியாவுக்கு மாற்றிய ஃபேந்தம் வெளியே. டிசர் நேரடியாக ஐமீரியா என்றே விவரித்ததால் மேக்சிமாவுக்கு அடைப்புக்குறி இல்லை.

இனம் கண்டுபிடிக்க சாம்பிள் எப்படி எடுப்பது?

இறந்து அதிக நேரம் ஆகாத கோழி என்றால் முழுதாகவே கொண்டு வாருங்கள். வெயிலில் கிடந்த குடல் சீக்கிரம் அழுகி, புண் எது, அழுகல் எது என்று தெரியாமல் போய்விடும். எச்சம் என்றால் கொட்டகையின் நாலைந்து இடங்களில், குறிப்பாக ரத்தம் கலந்த சீக்க எச்சமாகப் பார்த்து, சுத்தமான டப்பாவில் எடுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஃபார்மலினும் ஊற்றாதீர்கள். இரண்டுமே ஊசிஸ்டைக் கொன்றுவிடும், அப்புறம் எங்களால் பையை எண்ண முடியாது. உங்கள் மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ பக்கத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுக்கலாம். டப்பாவின் மேல் குஞ்சின் வயது, எத்தனை நாளாகக் கழிச்சல், என்ன மருந்து கொடுத்தீர்கள், எந்தத் தடுப்பு மருந்து என்ற நாலையும் எழுதி ஒட்டுங்கள். பாட்டில் கைவசம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.